‘தாய் நலம்’ என்று எழுதிய மாதங்கள்

போன மாதம் நான் கடைசியாக வேலை பார்த்த சுகாதார நிலையத்திலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகச் சேர்ந்த கிராமச் செவிலியர்கள். கையில் ஒரு சீப்பு சிறுமலைப் பழமும் ஆளுக்கொரு பெரிய போனும். பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனைக் காட்ட ஆரம்பித்தார்கள்.

“இப்பல்லாம் வீடு வீடா அலைய வேண்டியதில்லக்கா. பிள்ளை பெத்தவங்க நம்பருக்கு இது தானா போன் பண்ணும். நல்லாருந்தா ஒண்ணை அமுக்குங்கன்னு ஒரு குரல் கேக்கும். அமுக்கிட்டாங்கன்னா இங்க பச்சை விழுந்துரும்” என்றாள் ஒருத்தி.

“அமுக்குனது பெத்தவதான்னு ஒங்களுக்கு எப்படிடி தெரியும்?”

“வேற யாருக்கா அமுக்கப் போறா?” என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்துவைத்தேன். அவர்கள் போனபிறகு அந்தப் பழத்தைத் தொடவே மனசு வரவில்லை. ஒரு காலத்தில் பதினோரு மாதம், மாதம் தவறாமல், நானும் ஒரு குரலைக் கேட்டுப் பச்சை போட்டவள்தான். அப்போது போன் கிடையாது, பேனாவால் போட்டேன். இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பயம், வெட்கம் இரண்டும்தான் காரணம். இப்போது சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் செசிலி. திண்டுக்கல் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், வீட்டில் ஐந்து பெண்கள். அதில் ஒருத்தி டீச்சராகாமல் போனாள், அது நான். நர்சு ட்ரெயினிங்கில் கற்றுக்கொண்டது ஊசியை மழுங்காமல் கல்லில் தீட்டுவதும், டாக்டர் திட்டும்போது தரையைப் பார்ப்பதும்தான். மற்றதெல்லாம் வேலையில் சேர்ந்தபிறகு ராஜம்மாள் அம்மாவிடம் கற்றது.

ராஜம்மாள் அம்மா எங்கள் மேலதிகாரி, சுகாதாரப் பார்வையாளர். எல்லாரும் எச்.வி. அம்மா என்போம். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். எங்களைப் போல ‘ஏலே வாலே’ எல்லாம் அவர் வாயில் வராது. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். “ஏனுங்க செசிலி, இந்தக் கார்டை நீங்கதான் எழுதுனீங்களா?” என்று கேட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஒரு பெண்ணைப் பரிசோதிக்கும் முன் இரண்டு உள்ளங்கையையும் சூடு வரும்வரை தேய்ப்பார். ஈரக்கையோ குளிர்ந்த கையோ ஒருத்தியின் வயிற்றில் படக்கூடாது. வயிற்றைத் தொடும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். “கை பாக்கறப்ப கண்ணு குறுக்க வரக்கூடாதுங்க. கை பாத்து முடிச்சப்பறம் கண்ணு பாக்கட்டும்” என்பார். இந்த ஒரு பழக்கத்தால்தான் ஒரு பிள்ளை தப்பித்தது.

எண்பதுகளின் நடுவில் இலங்கையிலிருந்து அகதிகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்த நேரம். சாணார்பட்டி போகிற ரோட்டில் ஒரு பழைய புகையிலைக் கிட்டங்கியைக் காலி செய்து நாற்பது குடும்பங்களைக் குடியேற்றினார்கள். கிட்டங்கிக்குள் சுவர் கிடையாது. கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிட்டு ஆளுக்கொரு அறை பிரித்துக்கொண்டார்கள். உள்ளே போனால் வரிசை வரிசையாகச் சேலைகள், நடுவில் ஓர் ஆள் நடக்கிற பாதை. எத்தனை தடவை கழுவினாலும் புகையிலை நெடி போகவில்லை. கைப்பிள்ளைகள் தும்மிக்கொண்டே இருக்கும்.

புதன்கிழமை எனக்கு முகாம் நாள். காலையில் ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்கவைத்து, ஐஸ் பெட்டியில் மருந்தை அடுக்கி, பஸ் ஏறிப் போவேன். வாசலில் இருந்த வேப்பமரக் கிளையில் எடைத் தராசைத் தொங்கவிடுவேன். ஆனால் பத்து மணிக்கு அந்த முகாமில் ஒரு தாய்கூட இருக்கமாட்டாள். எல்லாரும் கடலைக் காட்டுக்கும் கல்லுடைக்கவும் போயிருப்பார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவது ஒன்பது வயது, பத்து வயது அக்காமார். பாவாடையை ஏற்றிச் செருகி, பிள்ளையை இடுப்பில் இடுக்கி, ஒரு சத்தம் இல்லாமல் வரிசையில் நிற்பார்கள். விளையாட்டு இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. ஊசி போட்டால் பிள்ளை அழும், இவர்கள் பெரிய மனுஷிகள் மாதிரி முதுகில் தட்டுவார்கள். முதல் புதன்கிழமை அந்த வரிசையைப் பார்த்தபோது எடை எழுதுவதை விட்டுவிட்டு, “ஒங்க அம்மாவெல்லாம் எங்கடி?” என்று கேட்டேன். போகப்போகப் பழகிவிட்டது. அப்படிப் பழகிக்கொண்டது என் முதல் தப்பு.

கிட்டங்கியின் கடைசியில், ஊதாச் சேலை தொங்கிய அறையில் தவமணி என்கிற பெண் இருந்தாள். கார்டில் எழுதியிருந்தது இது: தாய் தவமணி, வயது முப்பத்திரண்டு. மூத்த மகள் சுகந்தி, பதினான்கு. மகன் ரூபன், ஐந்து. கடைசிப் பெண் தர்சினி, வந்தபோது நான்கு மாதக் கைப்பிள்ளை. தகப்பன் வந்து சேரவில்லை.

தவமணி உடம்பு சரியில்லாதவள், வெளியே வரமாட்டாள் என்றார்கள். சில புதன்கிழமை சுகந்தி பிள்ளையை மரத்தடிக்குக் கொண்டுவருவாள். ஒடிந்து விழுகிற மாதிரி ஒல்லியான, வாய் திறக்காத பெண். அவள் வராத வாரம் நானே ஊதாச் சேலைக்கு முன்னால் போய் நிற்பேன்.

“தவமணி!”

“ஓம் மிஸ்ஸி, இஞ்சதான் நிக்கிறன்.” அவர்கள் ஊரில் நர்சை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்களாம். கனமான, களைத்துப்போன, பெரிய பொம்பளைக் குரல். சேலைக்கு அடியிலிருந்து இரண்டு கைகள் பிள்ளையை நீட்டும். கையில் கண்ணாடி வளையல், பெருவிரல் அடியில் ஒரு சூட்டுத் தழும்பு.

“பால் குடுக்குறியா?”

“ஓம், குடுக்கிறன்.”

“எடை ஏறலையேம்மா. புட்டிப்பால் வாடை அடிக்குது. ஒழுங்காத் தாய்ப்பால் குடு.”

“சரி மிஸ்ஸி.”

“ஒடம்பு எப்படி இருக்கு?”

“சுகமாத்தான் இருக்கிறன்.”

கார்டில் அந்த மாதத்துக்கான கடைசிக் கட்டத்தில் ‘தாய் நலம்’ என்று எழுதிவிட்டு அடுத்த சேலைக்குப் போய்விடுவேன். முகாமுக்குத் தலை எண்ண வருகிற ஆபீஸ் ஆளுக்கும் இதே கதைதான். பெயர் கூப்பிடுவார், உள்ளேயிருந்து குரல் வரும், டிக் போடுவார். ஒரு பொம்பளை உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும் இடத்தில் ஆம்பளை சேலையை விலக்கிப் பார்க்கமாட்டான். அது அவருக்குச் சரி. நான் பொம்பளை, அதிலும் நர்சு. விலக்கிப் பார்க்க எனக்கு என்ன கேடு? நாற்பது கார்டு இருக்கிறது, ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான் கேடு.

ஒருதரம் வாசலில் மண் அளைந்துகொண்டிருந்த ரூபனிடம், “ஒங்கம்மா எப்படிடா இருக்கா?” என்று சும்மா கேட்டேன். அவன் தலையை நிமிர்த்தி, “எப்ப?” என்றான். பிள்ளைப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

பங்குனி வந்தது. அந்தக் காலத்தில் நர்சு வேலை பார்த்தவர்களுக்கு மார்ச் மாதம் என்றால் என்னவென்று தெரியும். வருஷக் கணக்கு முடிவதற்குள் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் சேர்த்தாகவேண்டும். ‘கேஸ் பிடிக்கிறது’ என்போம். பிடிக்காதவள் மீட்டிங்கில் எழுந்து நிற்கவேண்டும். எனக்கு இரண்டு கேஸ் குறைந்தது. மூன்று பிள்ளை பெற்ற தவமணி ஞாபகத்துக்கு வந்தாள். புருஷன் இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடுவார் என்று அவளே சொல்லியிருக்கிறாள். வந்தால் நாலாவது பிள்ளைதானே?

மூன்று புதன்கிழமை ஊதாச் சேலையிடம் பேசினேன். “யோசிச்சுச் சொல்லுறன் மிஸ்ஸி” என்றே பதில் வந்தது. மூன்றாவது வாரம் எரிச்சலில் நான் சொன்னது வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. “இங்க பாரு தவமணி, ஒரு நாள் வேலை. இதைப் பண்ணிக்கிட்டா அப்புறம் ஒன்னைய யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”



“ஒருத்தரும் கேக்க மாட்டினமா?”

“கேக்க மாட்டாங்க.”

“அப்ப வாறன்” என்றது குரல்.

ஆபரேஷன் நாளன்று ஜீப் முகாமுக்குப் போனது. ஏழு பெண்கள் ஏறினார்கள். கடைசியாக ஏறியவள் ஊதாச் சேலையை உடுத்து முக்காடு போட்டிருந்தாள். கம்பியைப் பிடித்த கையில் வளையலும் சூட்டுத் தழும்பும் தெரிந்தன. தவமணிதான் என்று நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பட்டினியில் வற்றிப்போன பொம்பளைகளுக்கு வயது கண்டுபிடிக்க முடியாது என்று இன்றைக்கும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு.

டாக்டரிடம் அனுப்பும் முன் எச்.வி. அம்மா ஒவ்வொருத்தியையும் தட்டிக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்ப்பார். நான் பக்கத்தில் ஃபாரம் பிடித்து நிற்பேன். ஐந்து பேர் முடிந்தது. “தவமணி” என்றேன். வந்து படுத்தாள், முக்காட்டை எடுக்கவில்லை. எச்.வி. அம்மா கைகளைத் தேய்த்துக்கொண்டார், ஜன்னல் பக்கம் திரும்பினார், வயிற்றில் கை வைத்தார்.

கை நின்றுவிட்டது.

மறுபடி மெதுவாக அழுத்தினார். பிறகு முகத்தைத் திருப்பி வயிற்றைப் பார்த்தார். பிள்ளை பெற்ற வயிற்றில் இருக்கிற வரி ஒன்றுகூட இல்லை. ஒரு சுருக்கம் இல்லை. எச்.வி. அம்மா முக்காட்டைத் தானே விலக்கினார். சுகந்தி கண்ணை அகலத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

“ஏனுங்க செசிலி,” என்றார் எச்.வி. அம்மா, மிக மெதுவாக. “இந்த ஃபாரத்துல மூணு பிள்ளை பெத்தவங்கன்னு நீங்கதான் எழுதுனீங்களா?”

இன்னும் பத்து நிமிடத்தில் அந்தப் பெண்ணை உள்ளே தள்ளியிருப்பார்கள். நானே கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டிருப்பேன்.

எச்.வி. அம்மா அவளுக்குப் போர்வையைப் போர்த்தி, டீயும் பன்னும் வாங்கிவரச் சொன்னார். தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“உன்ற பேரென்ன கண்ணு?”

“தவமணி.” அதே கனத்த குரல். அந்த முகத்திலிருந்து அந்தக் குரல் வந்ததை அப்போதுதான் நேரில் பார்த்தேன். உதடு அவளுடையது, குரல் வேறு யாருடையதோ.

“வயசு?”

“முப்பத்திரண்டு.”

“சுகந்தி எங்கிருக்கா சாமி?”

“அவ பள்ளிக்கூடத்தால வாற நேரம். கைப்பிள்ளைக்குப் பசிக்கும். நான் போகோணும் மிஸ்ஸி.”

பொய் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். இது பொய் இல்லை. அவளுக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை.

அன்று மத்தியானமே நாங்கள் இரண்டு பேரும் சுகந்தியைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போய், பக்கத்துச் சேலைக்காரி பரமேசுவரியிடம் விசாரித்தோம். ஐம்பது வயது விதவை, ஒற்றை ஆள். மண்டபம் அகதி முகாமில் இவர்களோடு ஒரே பஸ்ஸில் ஏறியவள். பஸ் கிளம்பும் நேரத்தில் இன்னொரு படகு வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, தவமணி கைப்பிள்ளையைச் சுகந்தியிடம் கொடுத்துவிட்டு, புருஷன் வந்திருப்பாரோ என்று கடற்கரைப் பக்கம் ஓடினாளாம். பஸ்ஸுக்குள் பெயர் வாசித்தார்கள்.

“தவமணி எண்டு கூப்பிட்டினம். பின் சீட்டில இருந்து நிக்கிறன் எண்டு சத்தம் வந்தது. நான் தாய் திரும்பி ஏறிட்டா எண்டுதான் நினைச்சன்” என்றாள் பரமேசுவரி.

“பதினோரு மாசமா ஒரு தடவைகூட நேர்ல பாக்கலையா நீங்க?”

“தாய் சுகமில்லாத வருத்தக்காரி, முகம் காட்ட விருப்பமில்லை எண்டு மகள் சொன்னவ. ஆனா ரெண்டு குரலும் கேக்கும் மிஸ்ஸி. ஒவ்வொரு நாளும் விடிய அடுப்பு மூட்டேக்க கேக்கும். சோறு அடிப்பிடிச்சுப் போச்செண்டு தாய் ஏசுவா. மகள் அழுவா. பிறகு தாய், சரி அழாத எண்டு சொல்லுவா.” சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தி, ஊதாச் சேலை இல்லாத அந்தக் காலிக் கயிற்றைப் பார்த்தாள்.

ரூபன் அங்கேயேதான் நின்றான். எச்.வி. அம்மா அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, அது யார் என்று சுகந்தியைக் காட்டிக் கேட்டார். இதுகூடத் தெரியாதா என்பதுபோல அவன் சொன்னான்: “வெளியில அக்கா. உள்ளுக்க அம்மா.”

அம்மா போன இடம் கடைசிவரை தெரியவில்லை. திரும்பிப் போகிற படகில் ஏறிவிட்டாள் என்றார் ஒருவர், பார்க்கவே இல்லை என்றார் இன்னொருவர். தெரிந்தது ஒன்றுதான். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகள் என்று ஆபீஸுக்குப் போனால் பையன் ஒரு விடுதிக்கு, பெரிய பெண் இன்னொன்றுக்கு, கைப்பிள்ளை மூன்றாவது இடத்துக்கு. அப்படிப் பிரித்ததை அந்த முகாமிலேயே ஒரு குடும்பத்தில் பார்த்திருந்தார்கள். சுகந்தியும் பார்த்திருந்தாள்.

பரமேசுவரி பிள்ளைகளைத் தன் கார்டில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தாள். ஆனால் மூத்த பிள்ளை அதிகாரி முன்னால் நின்று, அம்மா இல்லை, இவரோடு இருக்கிறோம் என்று தன் வாயால் சொல்லவேண்டும். சொல்ல வேண்டிய பிள்ளையோ தானே அம்மா என்கிறாள். அப்படியே கொண்டுபோய் நிறுத்தினால் அவளையும் பைத்தியம் என்று நாலாவது இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

எச்.வி. அம்மா ஃபாரத்தில் ‘ரத்தம் குறைவு, திருப்பி அனுப்பப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “மூணு மாசம் நான் வாயைத் தொறக்க மாட்டேனுங்க. அதுக்குள்ள நீங்க அந்தப் பிள்ளையக் கூட்டியாரணும். காணாமப் போனவங்களை விடுங்க. உள்ள இருக்கறவளைக் கூட்டியாங்க” என்றார். வெளியே தெரிந்தால் அவர் வேலைக்கே ஆபத்து. அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் பேசவில்லை.

புதன்கிழமைதோறும் போனேன். ஊதாச் சேலை மறுபடி கயிற்றில் தொங்கியது. “சுகந்தி!” என்று கூப்பிடுவேன். “அவ இல்லை மிஸ்ஸி, பள்ளிக்கூடம் போட்டா” என்று தாயின் குரல் சொல்லும், போய்விட்டாள் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சேலையை விலக்கிப் பார்த்தேன், அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, “நீதாண்டி சுகந்தி” என்றேன். பாவமாகப் பார்த்து, “அவ வந்தவுடனே சொல்லுறன்” என்பாள். மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றினேன். திட்டினேன். ஒரு வாரம் அழுதேகூடப் பார்த்தேன். இரண்டரை மாதம் ஓடிவிட்டது. தர்சினி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அந்தச் சேலைக்குப் பின்னால் இருந்த குரலைத் தவிர வேறு தாய் தெரியாது.

எச்.வி. அம்மா கொடுத்த கெடுவில் கடைசிக்கு முந்தின புதன். வெயிலில் கிட்டங்கித் தகரம் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. முகாமில் பெரியவர்கள் யாரும் இல்லை, பரமேசுவரி மட்டும் வேலைக்குப் போகாமல் இருந்தாள். எனக்கு அலுத்துவிட்டது. சேலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை சுகந்தியைக் கூப்பிடவில்லை. என் வாயில் வந்தது வேறு.

“தவமணி, ஒன்னையத்தான் பாக்க வந்தேன்.”

“ஓம் மிஸ்ஸி.”

“ஒன் சின்ன மக எடை ஏறிட்டா. மகனும் நல்லாருக்கான். ஆனா மூத்தவளை நீ கவனிக்கவே இல்லை. எலும்பும் தோலுமா இருக்கா. தலையில எண்ணெய் வச்சு எம்புட்டு நாளாச்சு? அவ சிரிச்சு நான் பாத்ததே இல்லை. அவளும் நீ பெத்த பிள்ளைதானே? ஒரு தாயி இப்படி இருக்கலாமா?”

ஊரில் எத்தனையோ தாய்மாரைத் திட்டுகிற அதே பாணியில்தான் திட்டினேன். நடிப்பில்லை. நிஜமாகவே எனக்கு அந்தத் தவமணி மேல் கோபம் வந்தது.

சேலைக்குப் பின்னால் வளையல் ஒருமுறை குலுங்கியது. ரூபன் விளையாட்டை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

“பிழைதான் மிஸ்ஸி” என்றது குரல். அதற்கு முன் கேட்டதைவிட மெலிந்திருந்தது. “அவவைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் போறன்.”

என் வாழ்நாளில் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. பட்டப்பகலில் எனக்கும் அந்தச் சேலைக்கும் நடுவில் யாரோ எழுந்து நடந்து போன மாதிரி இருந்தது. பக்கத்துச் சேலைக்குப் பின்னால் பரமேசுவரி “முருகா” என்றாள். அவளுக்கும் அப்படித்தான் இருந்ததாகப் பிறகு சொன்னாள்.

சேலை விலகியது. சுகந்தி வெளியே வந்தாள். “மிஸ்ஸி” என்றாள். மெல்லிய, கீச்சென்ற, பதினைந்து வயதுப் பிள்ளைக் குரல். அந்தக் குரலை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். “அம்மா போட்டா” என்று என் மடியில் விழுந்து அழுதாள். அவள் அழுது முடிக்கிறவரை நானும் பரமேசுவரியும் மாறிமாறிப் பிடித்துக்கொண்டோம்.

தர்சினி தத்தித் தத்தி எங்களைத் தாண்டிப் போனாள். அக்காவை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. சேலையைப் பிடித்து இழுத்து, உள்ளே எட்டிப் பார்த்து, “ம்மா” என்றாள். பதில் இல்லை. மறுபடி “ம்மா” என்றாள். சுகந்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பதில் சொல்லிவிடுவோமோ என்று அவளுக்கே பயம். ரூபன் போய்த் தங்கச்சியைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான்.

அடுத்த வாரம் அதிகாரி முன்னால் சுகந்தி சொல்லவேண்டியதைச் சொந்தக் குரலில் சொன்னாள். மூன்று பேரும் பரமேசுவரி கார்டில் சேர்ந்தார்கள், பிரியவில்லை. சில வருஷம் கழித்து வேறு முகாமுக்கு மாற்றப்பட்டுப் போனார்கள். போகும்போது தர்சினி பரமேசுவரியை அம்மா என்றும் சுகந்தியை அக்கா என்றும்தான் கூப்பிட்டாள்.

ஆனால் அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நான் கார்டை எழுதி எச்.வி. அம்மாவிடம் காட்டியாகவேண்டும். எடை எழுதினேன், சொட்டுமருந்து எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது மேலே பார்த்தேன். என் கையெழுத்தில் வரிசையாகப் பதினோரு ‘தாய் நலம்’, அதற்குக் கீழே இரண்டு மாதம் வெறும் கட்டம். அந்த மாதக் கட்டத்தில் ‘தாய் இல்லை’ என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன்.

எச்.வி. அம்மா கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். “எப்ப இருந்துங்க?” என்று கேட்டார்.

“இன்னைக்கி மத்தியானத்திலருந்தும்மா” என்றேன்.

மேலே எழுதியிருந்த பதினொன்றையும் அடிக்கச் சொல்வார் என்று பேனாவோடு நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எதையும் அடிக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.